ஜப்பான் ரெஸ்லிங்கில் 'ஜூனியர்' என்றால் இரண்டாம் தர சாம்பியனா?

கேள்வி இதுதான்: "டபிள்யூ.டபிள்யூ.இ. பார்த்துப் பழகிய எனக்கு ஜப்பான் ரெஸ்லிங்கின் பெல்ட் கணக்கு புரியவில்லை. ஏன் இத்தனை பெல்ட்? ஜூனியர் ஹெவிவெயிட் சாம்பியன் என்றால் ஒரு படி கீழேதானே?"

முதல் பாதிக்குப் பதில் சுலபம். அங்கே நாடு முழுமைக்கும் பொதுவான ஒரே சாம்பியன் கிடையாது. நியூ ஜப்பான், ஆல் ஜப்பான், நோவா, டிராகன் கேட் என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனி பெல்ட்டுகள். நியூ ஜப்பானின் பெல்ட்டுகளில் பெரும்பாலானவை ஐ.டபிள்யூ.ஜி.பி. என்ற பெயரில் வரும், நோவாவுடையவை ஜி.எச்.சி. என்று வரும். பெண்கள் ரெஸ்லிங்கில் எடைப் பிரிவுக்குப் பெரிய இடமில்லை. ஸ்டார்டம் கம்பெனியில் சிவப்பு பெல்ட், வெள்ளை பெல்ட் என்று நிறத்தை வைத்தே ரசிகர்கள் பேசுவார்கள்.

இரண்டாம் பாதிக்குத்தான் நிறையச் சொல்ல வேண்டும். நியூ ஜப்பானில் ஜூனியர் ஹெவிவெயிட்டுக்கு மேல்வரம்பு 100 கிலோ. ஆனால் பாக்ஸிங் மாதிரி மேட்சுக்கு முதல் நாள் தராசில் ஏற்றி, அரைக் கிலோ கூடினாலும் ஆளைத் தள்ளி வைக்கும் கதை இங்கே இல்லை. முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்படும் ஆட்டம் இது, எடை வரம்பு வீரரின் பாதுகாப்புக்காக வந்ததும் அல்ல. 100 கிலோவுக்குக் கீழே இருப்பவர் ஹெவிவெயிட்டில் மோதவும் தடையில்லை. 2024 அக்டோபரில் நியூ ஜப்பானின் உச்ச பெல்ட்டை வென்ற ஜாக் சேபர் ஜூனியர் (இந்த 'ஜூனியர்' அவர் பெயரில் உள்ளது, எடைப் பிரிவு அல்ல) ஒல்லியான மனிதர்தான். ஆளைப் பிடித்து முறுக்கும் பிடிகளால் பெரிய உடம்புக்காரர்களைப் பணிய வைக்கிறார்.

அப்படியானால் இந்த 100 கிலோ கோடு எதற்கு? வேகத்தையும் நுட்பத்தையும் நம்பி ஆடுபவர்களுக்கு ஒரு தனி மேடை வேண்டும் என்பதற்கு. 1978 ஜனவரியில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் தட்சுமி ஃபுஜினாமி ஜூனியர் பெல்ட்டை வென்று ஊர் திரும்பியதும் ஜப்பானில் அந்தப் பிரிவுக்கே புது மவுசு வந்தது. 1981 ஏப்ரலில் முதல் டைகர் மாஸ்க், அதாவது சதோரு சயாமா, டைனமைட் கிட்டுடன் மோதினார். அந்த மேட்சை இன்று போட்டுப் பாருங்கள், நாற்பது வருடப் பழசு என்று சொல்லவே முடியாது. பிறகு 1989-இல் ஜூஷின் லைகர் வந்தார். ஐ.டபிள்யூ.ஜி.பி. ஜூனியர் பெல்ட்டை 11 முறை வென்று, 2020 ஜனவரியில் ஓய்வு பெற்றார். அப்படி ஒருவரை யாரும் 'கீழ் வரிசை' என்று சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. நியூ ஜப்பானில் ஐ.டபிள்யூ.ஜி.பி. ஜூனியர் பட்டம் 1986-இல் வந்துவிட்டது. அன்டோனியோ இனோகி முதல் சாம்பியனான ஐ.டபிள்யூ.ஜி.பி. ஹெவிவெயிட் பட்டம், சாம்பியன் எதிராளிகளிடமிருந்து காத்துக்கொள்ளும் பெல்ட்டாக ஆனது 1987-இல்தான். வயதில் ஜூனியரே மூத்தது!

1996 ஆகஸ்டில் வெவ்வேறு கம்பெனிகளின் எட்டு ஜூனியர் பெல்ட்டுகளை ஒன்று சேர்த்து ஜே-கிரவுன் என்று ஒரு தொடர் நடத்தினார்கள். வென்றவர் கிரேட் சசுகே. அவரிடமிருந்து அதைப் பறித்த அல்டிமோ டிராகன், உடம்பு தெரியாத அளவுக்கு பெல்ட்டுகளை மாட்டிக்கொண்டு நிற்கும் படம் இன்றும் இணையத்தில் சுற்றுகிறது.

என்னைப் பொறுத்தவரை அந்தக் கோட்டின் முழு அழகும் யாராவது அதைத் தாண்டும்போதுதான் தெரியும். 2006 செப்டம்பரில் நோவாவில், ஜூனியராகவே பெயரெடுத்த நவோமிச்சி மருஃபுஜி, ஜுன் அகியாமாவை வீழ்த்தி ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். 2021 மார்ச்சில் நியூ ஜப்பான் தன் உச்ச பெல்ட்டைப் புதிதாக மாற்றியமைத்தபோது, முதல் சாம்பியனைத் தீர்மானித்த மேட்சில் கோட்டா இபுஷிக்கு எதிரே நின்றவர் அப்போதைய ஜூனியர் சாம்பியன் எல் டெஸ்பராடோ. தோற்றார்தான். ஆனால் ஜூனியர் பெல்ட்டுக்கு மதிப்பில்லை என்றால் அந்த இடம் அவருக்குக் கிடைத்தே இருக்காது. டபிள்யூ.டபிள்யூ.இ.யில் பார்த்த ஃபின் பேலரை உங்களுக்குத் தெரியும் அல்லவா? அவரும் பிரின்ஸ் டெவிட் என்ற பெயரில் இதே ஜூனியர் பெல்ட்டை வைத்திருந்தவர்தான்.

பெல்ட்டுக்கு அவர்கள் கொடுக்கும் மரியாதையையும் சொல்ல வேண்டும். டைட்டில் மேட்ச் என்றால் மணி அடிப்பதற்கு முன்பே ஒரு சடங்கு உண்டு. கோட் போட்ட ஒருவர் ரிங்கில் நின்று, இது சாம்பியன்ஷிப் மேட்ச் என்று அறிவிக்கும் சான்றிதழைத் தாளில் பார்த்து வாசிப்பார். சாம்பியன் பெல்ட்டைக் கழற்றிக் கொடுப்பார், நடுவர் அதை உயர்த்திக் காட்டுவார். அதுவரை கத்திக்கொண்டிருந்த அரங்கம் வாசிப்பு முடியும் வரை அடங்கியிருக்கும். ஆல் ஜப்பானில் 1989 ஏப்ரலில் ஜம்போ சுருதா, ஸ்டான் ஹேன்சனை வென்று மூன்று பட்டங்களை ஒன்றாக்கினார். அதற்காகப் புது பெல்ட் செய்துவிடவில்லை. டிரிபிள் கிரவுன் என்ற அந்த ஒன்றான பட்டத்தின் சாம்பியன், 2013 வரை மூன்று பழைய பெல்ட்டுகளையும் சேர்த்தே சுமக்க வேண்டியிருந்தது.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? இரண்டு மேட்சுகளை இதே வரிசையில் பாருங்கள். முதலில் 2019 ஜூன் 5, டோக்கியோவின் ரியோகோக்கு அரங்கில் நடந்த, நியூ ஜப்பானின் ஜூனியர் வீரர்களுக்கான பெஸ்ட் ஆஃப் தி சூப்பர் ஜூனியர்ஸ் தொடரின் இறுதிப் போட்டி. ஒரு மேட்ச்கூடத் தோற்காமல் இறுதிக்கு வந்த ஷிங்கோ தகாகி, வில் ஆஸ்ப்ரேயிடம் தோற்பார். அப்புறம் 2021 ஜூன் 7, ஒசாகா. அதே தகாகி, இப்போது ஹெவிவெயிட்டாக, காலியாக இருந்த நியூ ஜப்பானின் உச்ச பெல்ட்டுக்காக, ஹெவிவெயிட் நட்சத்திரம் கசுச்சிகா ஒகாடாவுடன் மோதி வெல்வார்.