கேக் விற்ற காசு – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில், பேருந்துகளில் நிலவிய நிறப்பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பர்கள் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பைப் பற்றிய உங்கள் கட்டுரையில், அதற்குத் தலைமை தாங்கிய மார்ட்டின் லூதர் கிங்குக்கும், வெள்ளையருக்கு இருக்கையை விட மறுத்துக் கைதான ரோசா பார்க்ஸுக்கும் இணையாக ஜார்ஜியா கில்மோரை வைத்திருந்தீர்கள். கேக் விற்றுப் பணம் திரட்டியது நல்ல காரியம்தான். ஆனால் அது பக்கபலம்தானே, போராட்டம் ஆகுமா? பெண்களை மறுபடியும் அடுப்படியில் உட்காரவைத்துப் பாராட்டுவதுபோல எனக்குத் தோன்றியது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் உறுத்தல் நியாயமானது. தியாகிகளுக்குச் சோறு போட்ட அன்னபூரணி என்று ஒரே வரியில் பெண்களை முடித்துவிடும் வழக்கம் நம்மிடமும் உண்டு. கில்மோர் அந்த வரியில் அடங்கமாட்டார்.

1955 டிசம்பர் 5 அன்று தொடங்கிய புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. அத்தனை பேரும் அத்தனை நாளும் நடந்தே வேலைக்குப் போக முடியுமா? ஏறத்தாழ 300 கார்கள் ஊர் முழுக்க ஆளேற்றி இறக்கின. பெட்ரோல், டயர், ரிப்பேர் என்று தினமும் செலவு. உள்ளூரில் காப்பீடு கிடைக்காமல் லண்டன் லாய்ட்ஸ் வரை போனார்கள். கிங்கின் பேச்சைக் கேட்டு வண்டி ஓடாது, பெட்ரோல் ஊற்றினால்தான் ஓடும்.

கில்மோர் வெள்ளையர்களுக்கான ஓர் உணவகத்தில் சமையல்காரி. தோழிகளோடு 14 டாலர் சேர்த்து, கோழியும் ரொட்டியும் வாங்கி, சாண்ட்விச் செய்து போராட்டக் கூட்டத்தில் விற்றார். பிறகு பவுண்ட் கேக், சர்க்கரைவள்ளிக்கிழங்கு பை, பொரித்த மீன் என்று வியாபாரம் பெருகியது. அழகு நிலையம், சலவைக்கடை, டாக்சி ஸ்டாண்ட் எல்லாம் விற்பனை இடங்கள். வாங்கியவர்களில் வெள்ளையர்களும் உண்டு.

சமைத்தவர்களில் பலர் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தவர்கள். பெயர் வெளியே வந்தால் மறுநாள் வேலை போய்விடும். அதனால் அந்தக் குழுவுக்கே ‘எங்கிருந்தும் வராத சங்கம்’ என்று பெயர். யார் சமைத்தார், யார் கொடுத்தார் என்பது கில்மோருக்கு மட்டுமே தெரியும். பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் ‘எங்கிருந்தும் இல்லை’ என்று பொய் சொல்லாமலே சொல்லிவிடலாம்! தலைமறைவு இயக்கம் நடத்தியவர்கள்கூட இதைவிடக் கச்சிதமாக யோசித்திருக்க முடியாது. ஊரின் இன்னொரு பக்கத்தில் ஐனெஸ் ரிக்ஸ் போட்டிக்கு ஒரு குழு நடத்தினார். இந்த வாரம் யார் அதிகம் கொண்டுவந்தார்கள் என்று கூட்டத்தில் பெரிய வீம்பே நடக்கும்.

இதைப் பக்கபலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேடையில் ஏன் பெரும்பாலும் ஆண்களே இருந்தார்கள் என்று நீங்கள் கேட்டிருந்தால் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டிருப்பேன்.

கில்மோர் அடுப்படியோடு நிற்கவும் இல்லை. 1956 மார்ச்சில், புறக்கணிப்பு நடத்தியதற்காகக் கிங் மீது போட்ட வழக்கில் சாட்சிக் கூண்டேறினார். கட்டணத்தை வாங்கிக்கொண்ட ஓட்டுநர், இறங்கிப் பின்வாசல் வழியாக ஏறச் சொல்லிவிட்டு, இவர் ஏறுமுன் வண்டியைக் கிளப்பிப் போனதைச் சொன்னார். காசை எண்ணும்போது எது கறுப்பர் காசு, எது வெள்ளையர் காசு என்று பேருந்துக்காரர்களுக்குத் தெரியாது என்றும் சேர்த்துச் சொன்னார். வேலை போயிற்று. கிங்கின் ஊக்கத்தில் வீட்டிலேயே சாப்பாடு விற்கத் தொடங்கினார். கிங்கும் அங்கே வந்து சாப்பிட்டார்.

பின்னர், வெள்ளையர்களுக்கு மட்டுமான ஒரு பூங்காவுக்குள் போன அவர் மகனைப் போலீஸ் அடித்தது. நகராட்சி மேல் வழக்குத் தொடுத்தார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, கறுப்பர்களை உள்ளே விடுவதற்குப் பதில் நகராட்சி எல்லாப் பூங்காக்களையும் இழுத்து மூடியது. 1959இல் தீர்ப்பு சாதகமாக வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1974ஆம் ஆண்டுத் தீர்ப்பின் தலைப்பு: கில்மோர் எதிர் மான்ட்கோமரி நகரம்.