வாசகர் கேள்விகள்: தோற்ற மறுநாள் குகேஷ் என்ன செய்தார்?

இந்த வாரம் வந்த கடிதங்களிலும் வாட்ஸ்அப்பிலும் பாதிக்கு மேல் செஸ். அதனால் மழை, மெட்ரோ, மாவு விலை எல்லாம் அடுத்த வாரம்.

கே: சிங்கப்பூரில் டிங் லிரென் ஒரு தப்பு செய்தார், குகேஷ் உலக சாம்பியன் ஆனார். இதை அதிர்ஷ்டம் என்று சொன்னால் வீட்டில் எல்லோரும் சண்டைக்கு வருகிறார்கள். நீங்களே சொல்லுங்கள். – ஒரு வாசகர், பெரம்பூர்

ப: தப்பு நடந்தது உண்மை. 2024 டிசம்பர் 12, பதினாலாவது, அதாவது கடைசி கேம், 55-வது நகர்த்தல். டிங் தன் யானையை எஃப்2 கட்டத்தில் கொண்டுபோய் வைத்தார். யானைக்கு யானை வெட்டு, அடுத்து ஏ8 மூலையில் மாட்டிக்கொண்டிருந்த பிஷப்புக்கு பிஷப் வெட்டு, அப்புறம் போர்டில் மிச்சம் ராஜாக்களும் சிப்பாய்களும்தான், அதில் ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருந்தது குகேஷ். மூன்று நகர்த்தல் கழித்து ஆட்டம் முடிந்தது. ஆனால் அதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் டிரா என்று முடிவுகட்டி, மறுநாள் டைபிரேக்கில் (புள்ளி சமமானால் ஆடும் கூடுதல் வேக ஆட்டங்களில்) யார் ஜெயிப்பார் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். குகேஷ் மட்டும் எழுந்திருக்கவில்லை. ஒரு சிப்பாய் கூட இருக்கிறதே, ஆடிப் பார்ப்போம் என்று உட்கார்ந்திருந்தார். எதிராளி தப்பு செய்கிற வரைக்கும் உட்கார்ந்திருப்பதை அதிர்ஷ்டம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த மேட்சின் முதல் கேமிலேயே தோற்றவர் குகேஷ். பதினோராவது கேமை ஜெயித்து முன்னால் போனார், மறுநாளே பன்னிரண்டாவதில் அடி வாங்கினார். மொத்தத்தில் அவருக்கு மூன்று வெற்றி, டிங்குக்கு இரண்டு, மீதி ஒன்பதும் டிரா. 7.5-க்கு 6.5.

எனக்கு அந்த நாளில் மறக்காதது வேறு. டிங் கை கொடுத்துவிட்டுப் போன பிறகு குகேஷ் அழுகிறார், கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், அப்படியே காய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய இடத்தில் அடுக்குகிறார். 18 வயதில் உலக சாம்பியன், காஸ்பரோவே 22 வயதில்தான் அங்கே வந்தார். இந்தப் பையன் கையில் சிப்பாயை வைத்துக்கொண்டு அது எந்தக் கட்டம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். சென்னையில் எந்தக் கோச்சிடம் சேர்த்தாலும் முதல் வாரத்தில் பிள்ளைகளிடம் சொல்வது அதுதான்: ஆட்டம் முடிந்தால் காயை அடுக்கிவிட்டு எழுந்திரு.

கே: குகேஷ் 12 வயது 7 மாதம் 17 நாளில் கிராண்ட்மாஸ்டர். மிக இளம் கிராண்ட்மாஸ்டர் என்ற உலக சாதனை 17 நாளில் போச்சே என்று அப்போது எல்லோரும் வருத்தப்பட்டார்கள். நினைவிருக்கிறதா? – கல்லூரி மாணவி, குரோம்பேட்டை

ப: இருக்கிறது. 2019 ஜனவரி, டெல்லி. கர்யாகினின் சாதனை சரியாக 12 வயது 7 மாதம். அதையும் 2021-ல் அபிமன்யு மிஸ்ரா உடைத்துவிட்டார், 12 வயது 4 மாதம் 25 நாள். ஆக, அந்த 17 நாள் கிடைத்திருந்தாலும் இரண்டரை வருஷத்துக்குத்தான் பெயர் இருந்திருக்கும்.

கே: குகேஷ் ஆடியதிலேயே சிறந்த போட்டி எது? – ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மேற்கு மாம்பலம்

ப: சிங்கப்பூர் என்று சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் டொரன்டோ என்பேன் சார். 2024 ஏப்ரல், கேண்டிடேட்ஸ், அதாவது உலக சாம்பியனோடு மோதப்போவது யார் என்று தீர்மானிக்கும் போட்டி. எட்டுப் பேர், ஒவ்வொருவரோடும் இரண்டு முறை, ஆக 14 ரவுண்டு. ஏழாவது ரவுண்டில் அலிரெசா ஃபிரூஸ்ஜாவிடம் நேர நெருக்கடியில் கைக்கு வந்ததைக் கோட்டைவிட்டுத் தோற்றார். பாதிப் போட்டியில் இப்படி ஒரு தோல்வி வந்தால் நம்மில் பலருக்கு மீதிப் பாதியும் போய்விடும். மறுநாள் ஓய்வு நாள். பின்னால் பேட்டியில் அவரே சொன்னார், இந்தப் போட்டியை நாம் ஜெயிக்கலாம் என்று தோன்றியது அந்தத் தோல்விக்குப் பிறகுதான் என்று. முதலில் கேட்டபோது, ஜெயித்தவர்கள் பேட்டியில் சொல்கிற அலங்காரம் என்றுதான் நினைத்தேன். அப்புறம் ஸ்கோர் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். எட்டாவது ரவுண்டில் விதித் குஜராத்தியிடம் வெற்றி, பன்னிரண்டாவதில் அபாசோவ், பதின்மூன்றாவதில் அதே ஃபிரூஸ்ஜா. ஓய்வு நாளுக்குப் பிறகு ஒரு தோல்விகூட இல்லை.

கடைசி ரவுண்டில் நகமுராவோடு டிரா செய்துவிட்டுக் காத்திருந்தார். பக்கத்தில் கருவானாவும் நெபோம்னியாச்சியும் ஆடிக்கொண்டிருந்தார்கள், அதில் யாராவது ஒருவர் ஜெயித்தால் இவருக்கு டைபிரேக். அந்த ஆட்டம் 109 நகர்த்தல் போனது! இங்கே சென்னையில் அப்போது விடிகாலை. எங்கள் வீட்டில் நான் மட்டும் முழித்துக்கொண்டு, சத்தத்தைக் குறைத்துவிட்டு மொபைலில் பார்த்துக்கொண்டிருந்தேன். டிரா என்று வந்ததும் வாய்விட்டுக் கத்திவிட்டேன், பால்காரர்தான் வந்துவிட்டாரோ என்று மனைவி எழுந்து வந்தாள்.

கே: மாமல்லபுரம் ஒலிம்பியாட்டை மறந்துவிட்டீர்களே! – வாசகர், கேளம்பாக்கம்

ப: மறப்பேனா? போட்டிச் சின்னமாக வேட்டி கட்டிய ‘தம்பி’ குதிரையும், கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்த நேப்பியர் பாலமும் 2022-ல் ஊரையே செஸ் பைத்தியமாக்கின. இந்தியா ‘பி’ அணியின் முதல் போர்டில், அதாவது அணியின் முதல் ஆட்டக்காரர் இடத்தில், 16 வயது குகேஷ், முதல் எட்டு ஆட்டமும் வெற்றி, எட்டாவது பலி கருவானா. பத்தாவது ரவுண்டில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தரோவை ஜெயிக்க வேண்டிய நிலையில் இருந்து சறுக்கித் தோற்றார். முடிந்த பிறகு முகத்தை மூடிக்கொண்டு போர்டு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு, ‘பி’ அணிக்கு வெண்கலம், முதல் போர்டுக்கான தனிநபர் தங்கம் மட்டும் இவருக்கு. இரண்டு வருஷம் கழித்து புடாபெஸ்ட் ஒலிம்பியாட். மறுபடி முதல் போர்டு, 10 ஆட்டத்தில் 9 புள்ளி, இந்த முறை அணிக்கும் தங்கம். அதனால் மாமல்லபுரத்தைத் தனியாகப் பேச எனக்குப் பிடிக்காது, புடாபெஸ்டையும் சேர்த்துத்தான்.

கே: குகேஷா, பிரக்ஞானந்தாவா? – இரண்டு நண்பர்கள், முகப்பேர் (ஒரு பிரியாணி பந்தயம்)

ப: பிரியாணியைப் பங்கு போட்டுச் சாப்பிடுங்கள். 2025 பிப்ரவரி தொடக்கத்தில் நெதர்லாந்தின் வைக் ஆன் ஸீ போட்டியில் இருவரும் கடைசி ரவுண்டில் ஆளுக்கொரு தோல்வி வாங்கி, ஆளுக்கு 8.5 புள்ளியோடு நின்றார்கள். பிளிட்ஸ் (சில நிமிட வேக ஆட்டம்) டைபிரேக்கில் முதல் ஆட்டம் குகேஷுக்கு, அடுத்த இரண்டும் பிரக்குக்கு, கோப்பையும் அவருக்கே. இருவரும் ஒரே பள்ளிக்கூடம் வேறு.

கே: சாம்பியன் ஆன பிறகு கண்டவரிடமெல்லாம் தோற்கிறாரே? – வாசகர், திருவொற்றியூர்

ப: ‘கண்டவர்’ என்ற வார்த்தையை வாபஸ் வாங்குங்கள், அவர்களும் கஷ்டப்பட்டு ஆடுகிறவர்கள். 2025 ஜூனில் நார்வேயில் முன்னாள் உலக சாம்பியன் கார்ல்சனையே கிளாசிக்கலில் (நீண்ட நேர ஆட்டத்தில்) ஜெயித்தார், கார்ல்சன் மேசையில் ஓங்கிக் குத்தியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த ஆட்டத்திலும் குகேஷ் வெகு நேரம் மோசமான நிலையில்தான் இருந்தார். ஆனால் செப்டம்பரில் சமர்கண்டில் கிராண்ட் சுவிஸ் தகுதிப் போட்டியில் அடுத்தடுத்து மூன்று தோல்வி, நவம்பரில் கோவா உலகக் கோப்பையில் மூன்றாவது சுற்றோடு வெளியே. சரி, இதற்கு என்ன சமாதானம் சொல்வது? ஒன்றும் சொல்லப்போவதில்லை, அந்த மாதங்களில் சுமாராக ஆடினார், அவ்வளவுதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கலாம், தகுதிச் சுற்றில் போய் ஆட வேண்டிய கட்டாயமே சாம்பியனுக்கு இல்லை. இவர் போனார்.

கே: என் மகனுக்கு 9 வயது. வாராவாரம் போட்டிக்குக் கூட்டிப்போகிறேன். போன மாதம் ரேட்டிங்கில் 60 புள்ளி போய்விட்டது, வீட்டில் ஒரே அழுகை. அவன் அழுகையா என்னுடையதா என்று கேட்காதீர்கள். – ஒரு அம்மா, அம்பத்தூர்

ப: கேட்கவில்லை அம்மா. முதலில் கணக்கு. 18 வயதுக்குக் கீழே, 2300-க்கும் கீழே இருக்கும் பிள்ளைகளுக்குப் பெருக்குத்தொகை (ஒரு ஆட்டத்தில் எவ்வளவு புள்ளி ஏறும், இறங்கும் என்பதை முடிவு செய்யும் எண்) 40. தன் அளவு ரேட்டிங் உள்ளவரிடம் தோற்றால் 20 புள்ளி போகும், ஜெயித்தால் 20 வரும். குகேஷ் மாதிரி ஆட்களுக்கு அது 10, அதே தோல்விக்கு 5 புள்ளிதான். ஆக 60 என்பது மூன்று ஆட்டம். அடுத்த மாதமே திரும்பி வரலாம், இன்னும் போகவும் செய்யலாம்.

அப்புறம் ஒரு விஷயம். என் அக்கா மகனோடு நானும் இரண்டு வருஷம் இந்தப் போட்டிகளுக்கு அலைந்தவன். கல்யாண மண்டபம், உள்ளே மேசை வரிசை, வெளியே நாம். தயிர்சாத டப்பா, தண்ணீர் பாட்டில், ஒரு விரிப்பு. பிள்ளை கதவைத் தாண்டி வரும்போதே முகத்தைப் பார்த்து ரிசல்ட்டைப் படித்துவிடுவோம், அதற்குள் ‘என்னடா ஆச்சு, எப்படி விட்டே’ என்று வாய் முந்திக்கொள்ளும். ஒரு நாள் இவன் தோற்று வந்தான், நான் அதையே கேட்டேன், அவன் நகர்த்தல்களை எழுதிவைத்த ஸ்கோர் ஷீட்டை நாலாக மடித்து, இன்னும் மடித்து, கட்டைவிரல் அளவுக்கு ஆக்கி ஷூவுக்குள் சொருகிக்கொண்டான். அந்த ஆட்டத்தை நாங்கள் திரும்பப் போட்டுப் பார்க்கவே இல்லை. அதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

இப்போது நான் செய்வது: வந்ததும் முதலில் சாப்பாடு, ரிசல்ட் பற்றிப் பேச்சில்லை. மறுநாள் சாயங்காலம் போர்டில் அந்த ஆட்டத்தைப் போடச் சொல்வேன், கம்ப்யூட்டரை அப்போதே திறக்க விடுவதில்லை. குகேஷுக்கு அவருடைய கோச் விஷ்ணு பிரசன்னா வருஷக்கணக்காக கம்ப்யூட்டர் செஸ் இன்ஜின் பக்கமே போகாமல் பயிற்சி கொடுத்தார், கிராண்ட்மாஸ்டர் ஆகும் வரை தன் மண்டையால் யோசித்த பையன் அவர். வாராவாரம் போட்டி வேண்டாம் அம்மா. ஒரு போட்டி, நடுவில் மூன்று வாரம், தோற்ற ஆட்டங்கள் எல்லாம் ஒரு நோட்டில்.

கே: இவ்வளவு பேசுகிறீர்களே, உங்கள் ரேட்டிங் என்ன? – வாசகர், அடையாறு

ப: கேட்பீர்கள் என்று தெரியும். ஒரு ஓபன் போட்டியில் நானும் பெயர் கொடுத்தேன். நாலாவது ரவுண்டில் எதிரே எட்டு வயதுப் பையன், கால் தரையில் படவில்லை, நாற்காலியில் மண்டிபோட்டு ஆடினான். முப்பதாவது நகர்த்தலில் என் யானை காலி. கை கொடுத்துவிட்டு எழுந்துவிட்டேன். பின்னாலிருந்து குரல்: “அங்கிள், காயை அடுக்கிட்டுப் போங்க.”