ரியல் எஸ்டேட்டுக்குப் போகும் மகளும் பயப்படும் அம்மாவும்

போன வாரம் கோவை வடவள்ளியிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் யோசனை கேட்டு வந்திருந்தது. அம்மா, அப்பா, முப்பத்தொரு வயது மகள். மகள் பி.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு ஒரு கம்பெனியில் பில்லிங் பார்த்தவர். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டார். பையனுக்கு இப்போது ஐந்து வயது. தோழியோடு சேர்ந்து வீடு, மனை விற்றுக்கொடுக்கும் ஏஜென்ட் வேலைக்குப் போகிறேன் என்கிறார். அம்மாவுக்கு அன்றிலிருந்து தூக்கம் இல்லை.

"ராத்திரி எட்டு மணிக்கு யாருக்கோ சைட் காட்டிட்டு வந்தா பையனை யாருங்க பாக்கறது? பெரியப்பா வீட்ல எல்லாரும் பி.எட். போடச் சொல்றாங்க. டீச்சர் வேலைன்னா பையனுக்கு லீவு விடறப்ப இவளுக்கும் லீவு."

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் பி.எட். யோசனையை நான் ஏற்கமாட்டேன். அது இரண்டு வருடப் படிப்பு. கட்டணத்துக்கு நகையை அடகு வைப்பதாகச் சொன்னீர்கள். அதன் பிறகும் அரசு வேலை என்றால் தேர்வுக்கு மேல் தேர்வு. தனியார் பள்ளி என்றால், கொடுக்கிற சம்பளத்தில் நகையை எப்போது மீட்பது என்று உங்கள் பெரியப்பாவிடமே கேளுங்கள். விடைத்தாள் கட்டும் பாடக்குறிப்பும் வீட்டுக்குத்தான் வரும் என்பதையும் யாரும் சொல்லமாட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் மகள் ஒரு முறைகூட 'எனக்குப் பாடம் எடுக்கப் பிடிக்கும்' என்று சொல்லவில்லை. பிடிக்காதவர் கையில் நாற்பது பிள்ளைகளைக் கொடுப்பது அந்தப் பிள்ளைகளுக்கும் செய்கிற தவறு.

அவருக்கு எது பிடிக்கும் என்பதை நான் அன்று நேரிலேயே பார்த்தேன். பேச்சுவாக்கில் அப்பா தன் ஆறு சென்ட் இடத்தின் பத்திர நகலை எடுத்து மேசையில் வைத்தார். மகள் அதை ஒரு நிமிடம் பார்த்தார், செல்போனில் பட்டாவைத் திறந்தார், இரண்டையும் பக்கத்தில் வைத்து, "அப்பா, சர்வே நம்பர் பத்திரத்துல 142/2பி, பட்டாவுல வெறும் 142/2. உட்பிரிவே ஆகலை, கூட்டுப் பட்டாவாவே கிடக்கு" என்றார். அதாவது, அவர் இடத்தைத் தனியாகப் பிரிக்காமல் பட்டா இன்னும் மற்றவர்களோடு சேர்ந்தே இருக்கிறது. பத்து வருடமாக அப்பாவுக்குத் தெரியாத விஷயம். அந்த நிமிடமே நான் முடிவு செய்துவிட்டேன், இந்தப் பெண்ணை இந்தத் தொழிலிலிருந்து நகர்த்தக் கூடாது என்று.

ஆனால் மகளிடமும் ஒன்று சொன்னேன். இந்தத் தொழிலில் இரண்டு பாதி இருக்கிறது. ஒன்று, சைட் காட்டுவது. வாங்குபவர்கள் வேலைக்குப் போகிறவர்கள், அதனால் அது மாலையிலும் சனி, ஞாயிறிலும்தான் நடக்கும். குடும்பத்தைத் தின்பது இந்தப் பாதிதான். இன்னொன்று, ஆவண வேலை. சார்பதிவாளர் அலுவலகம், தாலுகா அலுவலகம், வங்கி, வக்கீல் ஆபீஸ் எல்லாம் பெரும்பாலும் வார நாள் பகலில் இயங்குகிறவை. பையன் பள்ளியில் இருக்கிற நேரமும் அதுதான். நிறைய புரோக்கர்கள் இந்தப் பாதியை யார் தலையிலாவது கட்டிவிட்டு ஓடுகிறார்கள். உங்கள் மகள் இதைப் பிடிக்கட்டும். தோழி சைட் காட்டட்டும், இவர் ஃபைல் பார்க்கட்டும்.

ஃபைல் என்றால் என்ன? தாய்ப்பத்திரத்திலிருந்து, அதாவது சொத்தின் பழைய மூலப் பத்திரத்திலிருந்து, இன்றைய பத்திரம் வரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா என்று பார்ப்பது. முப்பது வருட வில்லங்கச் சான்றை (அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல்) எடுத்து, ஒவ்வொரு பதிவையும் கையில் இருக்கிற பத்திரத்தோடு ஒத்துப்பார்ப்பது. அடமானம் இருந்தால் அதற்கு ரத்து ரசீது பதிவாகியிருக்கிறதா? பவர் (விற்கும் அதிகாரத்தை இன்னொருவருக்குக் கொடுக்கும் பத்திரம்) மூலம் விற்றிருந்தால், விற்ற அன்று பவர் கொடுத்தவர் உயிரோடு இருந்தாரா? அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகன், மகள், மனைவி, அவரைப் பெற்ற தாய் எல்லோருக்கும் பங்கு உண்டு. அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட்டு, கட்டிக்கொடுத்த தங்கச்சியை விட்டுவிட்ட பத்திரங்கள் நம் பக்கம் ஏராளம். மைனர் பெயரில் இருந்த சொத்தை நீதிமன்ற அனுமதி வாங்காமல் விற்றிருந்தால், அந்தப் பிள்ளை பதினெட்டு வயது முடிந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போடலாம். அப்புறம் புலப்படத்தில் (சர்வே வரைபடம்) உள்ள அளவும் இடத்தில் உள்ள அளவும் ஒன்றா, மனைக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் உண்டா என்பதும் இருக்கிறது.

இது சும்மா காகித வேலை இல்லை. என் மைத்துனர் ஒரு புரோக்கர் பேச்சை நம்பி அங்கீகாரம் இல்லாத மனையை வாங்கினார். 2016 செப்டம்பர் 9 அன்று அப்படிப்பட்ட மனைகளைப் பதிவுசெய்ய சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. மகள் கல்யாணத்துக்கு அதை விற்கலாம் என்று இருந்தவர், விற்க முடியாமல் வட்டிக்கு வாங்கினார். அன்று ஒருவர் அங்கீகார எண்ணைக் கேட்டிருந்தால் போதும்.

வெளிநாட்டில் இருப்பவர்களின் சொத்து வேலையும் இதில் சேரும். துபாயிலும் அமெரிக்காவிலும் இருக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு வரி கட்ட, பட்டா மாற்ற, வாடகைக்கு ஆள் வைக்க நம்பிக்கையான ஒருவர் வேண்டும். ஃபைலுக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளலாம். கமிஷனைப் போலக் கிரயம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். ஒன்று மட்டும் கவனம்: இவர் ஆவணங்களைத் திரட்டி, சந்தேகங்களைக் குறித்துக்கொடுக்கலாம். சட்டக் கருத்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியவர் வக்கீல்தான்.

பணத்தில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். 'ரியல் எஸ்டேட் கோர்ஸ்' என்று ஆயிரக்கணக்கில் கேட்கிறவர்களுக்கு ஒரு ரூபாயும் வேண்டாம். அதற்குப் பதில் ஆறு மாதம் ஒரு சொத்து வக்கீலிடமோ ஆவண எழுத்தரிடமோ உட்காரட்டும், குறைந்த சம்பளமானாலும் சரி. தனியாகத் தொடங்குவதற்கு முன் ஆறு மாத வீட்டுச் செலவு கையில் இருக்க வேண்டும். ஆடியும் மார்கழியும் இந்தத் தொழிலில் காய்ந்த மாதங்கள். ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவான திட்டங்களை விற்றுக்கொடுக்கப் போனால் இவரும் ஏஜென்டாகப் பதிவுசெய்தாக வேண்டும். பதிவு இல்லாமல் செய்தால் 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாளுக்கு 10,000 ரூபாய் அபராதம், அது அந்தச் சொத்தின் விலையில் 5 சதவீதம் வரை போகும். வாங்குபவரின் அட்வான்ஸ் எந்தக் காரணத்துக்கும் இவர் கணக்கில் விழக் கூடாது.

சைட்டுக்கே போகவேண்டாம் என்று சொல்லவில்லை. மாதத்தில் இரண்டு ஞாயிறு, காலை மட்டும், தோழியோடு சேர்ந்து. பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு முன்பின் தெரியாதவரோடு தனியாகப் போகவே கூடாது. எட்டு மணிக்கு மேல் போன் எடுப்பதில்லை என்பதை முதல் நாளே வாடிக்கையாளரிடம் சொல்லிவிட வேண்டும். அந்த இரண்டு ஞாயிறும் பையன் அவன் அப்பாவோடு இருக்கட்டும். நீங்கள் போய் நிற்க வேண்டியதில்லை அம்மா. மாப்பிள்ளை அன்று வரவில்லை. அடுத்த முறை அவர் கட்டாயம் வர வேண்டும், இதை அவரிடம் நானே பேசுகிறேன்.

பெரியப்பாவுக்கு இப்போதைக்குப் பதில் எதுவும் சொல்ல வேண்டாம். திங்கட்கிழமை பையனைப் பள்ளியில் விட்டுவிட்டு, அப்பாவின் பத்திரத்தை எடுத்துக்கொண்டு மகள் உட்பிரிவுப் பட்டாவுக்கு விண்ணப்பிக்கட்டும். சர்வேயர் அளக்க வரும் நாளில் நீங்களும் கூட நின்று பாருங்கள். அதுதான் அவருடைய முதல் ஃபைல்.