தட்டினா பாதியில நிக்குது: பிஸ்டன், கனெக்டிங் ராடு பத்தி கேட்ட கேள்விகள்

கேள்வி: அண்ணே, பிஸ்டனை சிலிண்டருக்குள்ள இறக்க, ரிங்கை அமுக்கிப் பிடிக்கிற பட்டையான ரிங் கம்ப்ரசர் போட்டு இறுக்கிட்டுதான் தட்டுறேன், பிஸ்டன் பாதி இறங்கி நிக்குது. இன்னும் கொஞ்சம் பலமா தட்டலாமா?

பதில்: வேணாம் தம்பி, அங்கயே நிறுத்துங்க. சுத்தியலோட மரப்பிடியால தட்டும்போது மெத்து மெத்துன்னு ஒரே மாதிரி சத்தம் வரும், ஒவ்வொரு தட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமா இறங்கும், திடீர்னு சத்தம் கெட்டியா 'டக்'குனு மாறி பிஸ்டன் நகரலைன்னா அநேகமா ஒரு ரிங் கம்ப்ரசருக்கும் பிளாக்குக்கும் நடுவுல வெளிய வந்துடுச்சுன்னு அர்த்தம், அதுலயும் ஆயில் ரிங்கோட மெல்லிசு ரெயில்தான் ரொம்ப சேட்டை பண்ணும். அதுக்கு மேல ஒரு அடி போட்டா ரிங் உடையும், இல்ல பிஸ்டன்ல ரிங் உக்கார்ற காடியோட ஓரம் பேந்துடும். வெளிய எடுத்து ரிங்கைப் பாத்துட்டு திரும்ப ஆரம்பிங்க. கம்ப்ரசர் பிளாக் மேல சுத்தி எல்லா பக்கமும் படிஞ்சு உக்காந்திருக்கணும், இடுக்கு தெரியக்கூடாது.

இன்னொன்னு, கீழயும் ஒரு கண்ணு வேணும். அந்த சிலிண்டரோட கிராங்க் பின்னை (ராடு மாட்டுற இடம்) கீழ இறக்கி வெச்சுக்கங்க. ராடுல போல்ட் நீட்டிக்கிட்டு இருந்தா அதுமேல ரப்பர் ட்யூப் துண்டு மாட்டிடுங்க, இல்லன்னா போல்ட் மரை கிராங்க் ஜர்னல்ல, அதாவது அந்தப் பின்னோட வழவழப்பான முகத்துல கோடு போட்டுடும், பாலிஷ் பண்ணின ஜர்னல்ல அந்த ஒரு கோட்டைப் பாத்தா வயிறு எரியும்.

கேள்வி: புது ரிங் செட்டுதான், ரிங்கோட ரெண்டு முனைக்கும் நடுவுல இருக்கிற கேப் (இடைவெளி) பாக்கணுமா?

பதில்: கண்டிப்பா பாக்கணும். ரிங்கை மட்டும் போர்ல (சிலிண்டர் ஓட்டை) விட்டு, பிஸ்டனைத் தலைகீழா வெச்சு சுமார் ஒரு இஞ்ச் உள்ள தள்ளுங்க, அப்பதான் ரிங் சாயாம நேரா உக்காரும், அப்புறம் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிசு தகடு) விட்டு அளங்க. பழைய போர்லயே மாட்டுறீங்கன்னா ரிங் ஓடுற இடத்துக்கு அடிப்பக்கம் வெச்சு பாருங்க, தேய்மானம் அங்க கம்மி, அதனால கேப்பும் அங்கதான் சின்னதா இருக்கும். டாப் ரிங்குக்கு போர் அளவுல ஒரு இஞ்சுக்கு 4 தவ் (ஒரு தவ்னா இஞ்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு) அப்படின்னு பொதுவா ஒரு கணக்கு உண்டு, 80 மி.மீ. போருக்கு 0.32 மி.மீ. வரும், ஆனா டர்போ இன்ஜினுக்கு இது பத்தாது, அதனால மேனுவல் சொல்றதுதான் கடைசி வார்த்தை. கேப் கொஞ்சம் கூடினா பெருசா ஒண்ணும் ஆகாது, குறைஞ்சாதான் ஆபத்து, சூட்டுல ரிங் நீண்டு ரெண்டு முனையும் முட்டிக்கிட்டு போரைக் கீறிடும்.

கேள்வி: ரிங்கோட வாய், அதாவது அந்த இடைவெளி, எந்தப் பக்கம் வரணும்?

பதில்: எல்லா வாயும் ஒரே நேர்கோட்டுல வரக்கூடாது, அவ்வளவுதான், மேனுவல்ல படம் இருந்தா அதுபடி வைங்க. ரிங்ல புள்ளியோ எழுத்தோ இருந்தா அது மேல பாக்கணும். ஆயில் ரிங் உள்ள இருக்கிற ஸ்பிரிங்கோட ரெண்டு முனையும் முட்டிக்கிட்டு நிக்கணும், ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருந்தா இன்ஜின் ஆயில் குடிக்கும்.

கேள்வி: கழட்டும்போது ரெண்டாவது ராடு கேப்பும் (ராடோட அடியில போல்ட் வெச்சு இறுக்குற மூடி) மூணாவதும் கலந்துடுச்சு சார், நம்பரும் இல்ல. அளவு ஒண்ணுதானே, எதையாவது போட்டா என்ன?

பதில்: பாக்க ஒண்ணா இருக்கும், ஆனா ஒண்ணு இல்ல. ராடையும் அதோட கேப்பையும் ஒண்ணா மாட்டி இறுக்கி வெச்சுதான் கிராங்க் பின் உக்கார்ற ஓட்டையை ஃபினிஷ் பண்றாங்க, அதனால கேப் மாறினாலோ, சொந்த கேப்பையே திருப்பிப் போட்டாலோ ஓட்டை வட்டமா இருக்காது. ஒருமுறை நானே ஒரு கேப்பைத் திருப்பிப் போட்டு டார்க் வெச்சுட்டேன் (மேனுவல் சொல்ற அளவுக்கு போல்ட்டை முறுக்கி இறுக்குறது), அதுவரைக்கும் ரெண்டு விரல்ல சுத்தின கிராங்க் அப்புறம் கம்பி போட்டாலும் அசையல. அசைஞ்சு ஓடியிருந்தா பேரிங் போயிருக்கும், அந்த மட்டும் நல்லது. உங்களுது ஒரே துண்டா செஞ்சு கேப்பை உடைச்சுப் பிரிச்ச ராடா இருந்தா கவலை கம்மி, சொரசொரன்னு இருக்கிற அந்த முகம் சொந்த கேப்போட மட்டும்தான் பொருந்தும். சாதா ராடுன்னா யூகத்துல போடாதீங்க, மெஷின் ஷாப்ல குடுத்து பேரிங் இல்லாம டார்க் வெச்சு ஓட்டையை அளந்து பாக்கச் சொல்லுங்க, வட்டம் இல்லன்னா முகத்தைச் சீவி திரும்ப ஹோன் பண்ணுவாங்க (ஓட்டையைத் தேய்ச்சு அளவுக்கு கொண்டு வர்றது). அடுத்த தடவை நட்டைத் தொடுறதுக்கு முன்னாடியே பெயின்ட் மார்க்கர்ல ராடு, கேப் ரெண்டுலயும் ஒரே பக்கம் நம்பர் போட்டுடுங்க.

கேள்வி: பேரிங் ஷெல்லுக்கு (ராடு ஓட்டைக்குள்ள உக்கார்ற அரைவட்டத் தகடு) பின்னாடியும் ஆயில் தடவலாமா?

பதில்: கூடாது. முதுகு சுத்தமா, காய்ஞ்சு இருக்கணும், ராடும் அப்படித்தான், ஒரு முடி சிக்கினாலும் ஷெல் அங்க புடைக்கும். ஆயில் எல்லாம் உள்பக்கம், ஜர்னல் ஓடுற பக்கம்.

கேள்வி: பழைய ராடு போல்ட்டையே போடலாமா?

பதில்: டார்க் வெச்சுட்டு அப்புறம் இத்தனை டிகிரி திருப்புன்னு மேனுவல் சொன்னா, அந்த போல்ட் பெரும்பாலும் இழுபட்டு நிக்கிற ரகம், புதுசு வாங்கிடுங்க. மரைக்கு ஆயில் போடச் சொல்லியிருக்கா, காய்ஞ்சே இறுக்கணுமான்னும் பாருங்க, ஒரே டார்க்குக்கு ஆயில் போட்ட போல்ட் கூடுதலா இழுபடும். ஒவ்வொரு ராடும் இறுக்கினதும் கிராங்க்கை ஒரு முழு சுத்து கையால சுத்துங்க. நாலையும் மாட்டிட்டு சுத்திப் பாத்து இறுகினா எது பிடிக்குதுன்னு தெரியாது, ஒண்ணொண்ணா பாத்தா கடைசியா தொட்டதுதான் காரணம்.