பாட்டியின் தோட்டத்து வாழ்க்கையை வீடியோவாக்குவது எப்படி?

கேள்வி: என் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, 1970-களில் இராமேஸ்வரம் வழியாக நீலகிரிக்கு வந்தவர். எங்களை இன்றும் ‘சிலோன்காரர்’ என்றே ஊரில் சொல்கிறார்கள். என் பிள்ளைகளுக்காக அவருடைய வாழ்க்கையை ஐந்து நிமிட வீடியோவாக்க விரும்புகிறேன். கேட்டால், ‘சொல்ல என்ன இருக்கு?’ என்று எழுந்துவிடுகிறார். அவர் பேச்சைத் திருத்தி வேறொருவர் குரலில் சேர்க்கலாமா? பழைய ஆவணங்களைக் காட்டினால் சிக்கல் வரும் என்று மாமா சொல்வது சரியா? (வாசகி, கோத்தகிரி)

பதில்: ஐந்து நிமிடம் என்பதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். முதலில் பல நாட்களில், ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரத்துக்கு மிகாமல், பாட்டி பேசுவதை முழுமையாகப் பதிவு செய்யுங்கள். குறும்படம் அதிலிருந்து பிறகு வரட்டும்.

1990-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் பயிற்சிப் பட்டறைகளாகத் தொடங்கி, 2001-இல் வேல்ஸில் பிபிசி நடத்திய திட்டத்தின் வழியே மேலும் அறியப்பட்ட டிஜிட்டல் கதைசொல்லல் முறையில், சாதாரண மனிதர் ஒருவர் தம் வாழ்வின் ஒரு பகுதியைச் சில புகைப்படங்களோடு தம் சொந்தக் குரலிலேயே சொல்கிறார். ஆகவே பாட்டியின் பேச்சைத் திருத்தவும் வேண்டாம், வேறு குரலும் வேண்டாம். ரயிலைக் ‘கோச்சி’ என்றும் காலை ஆள்கணக்கைப் ‘பெரட்டு’ என்றும் அவர் சொன்னால் அப்படியே விட்டு, பிள்ளைகளுக்குப் புரியாத இடத்தில் மட்டும் திரையில் ஒரு வரி விளக்கம் கொடுங்கள். பின்னணி இசையையும் தவிர்ப்பது நல்லது. எங்கே கலங்க வேண்டும் என்பதைப் பார்ப்பவருக்கு வயலின் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர் எழுந்து போவதற்குக் காரணம், பெரும்பாலும் கேள்வி மிகப் பெரியதாக இருப்பதுதான். ‘உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் யாருக்கும் வாய் வராது. பெரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்தார், கொழுந்து நிறுக்கும்போது யாரோடு சண்டை வந்தது, லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) அடுத்த வீட்டில் யார் இருந்தார்கள், மன்மதன்–ரதி கதையை ஆடும் காமன் கூத்தில் ரதியாக வேடமிட்டவர் யார் என்று கையால் தொட்டுவிடக்கூடிய கேள்விகளாகக் கேளுங்கள். புறப்படும்போது பெட்டியில் எதை வைத்தார், எதை யாரிடம் விட்டுவிட்டு வந்தார் என்பதை அதன் பிறகு கேட்கலாம்.

எல்லாவற்றிலும் கனமான கேள்வி, இந்தியாவுக்கு விண்ணப்பிப்பது என்று அந்த வீட்டில் முடிவு செய்தது யார் என்பதுதான். இலங்கையின் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், இந்திய வம்சாவளித் தோட்ட மக்களான மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களிடையே கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. இந்த எண்களைப் பிள்ளைகள் எந்தப் புத்தகத்திலும் படித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே லயத்தில் வளர்ந்தவர்களில் யார் அங்கே நின்றார், யார் கப்பலேறினார், தமக்கு அதில் விருப்பம் இருந்ததா, யாராவது தம்மிடம் கேட்டார்களா என்பதைப் பாட்டிதான் சொல்ல முடியும். அவர் சொல்லும் ஆண்டும் பாஸ்போர்ட்டிலுள்ள ஆண்டும் மாறுபட்டால் அவரை இடைமறித்துத் திருத்தாமல், இரண்டையும் குறித்துவையுங்கள்.

அங்கே இந்தியர் என்று ஒதுக்கப்பட்ட மக்களை இங்கே சிலோன்காரர் என்று அழைப்பது உங்களுக்கு வலிப்பது இயல்பே. இருப்பினும், ஊராருக்குப் பதில் சொல்வதற்காக இந்தப் படத்தை எடுக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. பதில் சொல்லக் கிளம்பினால் துயரம் மட்டும் தங்கி, பாட்டியின் கேலியும் கோபமும், வேலையை மேற்பார்த்த கங்காணியை அவர் ஏமாற்றிய கதை ஏதேனும் இருந்தால் அதுவும், வெட்டுப்பட்டுப் போகும். தங்கள் குடும்பம் எத்தகைய மனிதர்களால் ஆனது என்று பிள்ளைகள் அறிவது இவற்றிலிருந்துதான். குறும்படத்தின் தொடக்கத்தில் நீங்களோ உங்கள் பிள்ளையோ, இதை ஏன் கேட்டோம் என்று ஓரிரு வாக்கியம் பேசலாம்.

ஒலிப்பதிவுக்கு உங்கள் கைப்பேசியே போதும். அதை ஏரோபிளேன் மோடில் போட்டு, பாட்டியின் வாயிலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் தூரத்தில், மெத்தென்ற துணியின் மேல் வையுங்கள். கோத்தகிரியில் மின்விசிறித் தொல்லை இராது. தகரக் கூரை மேல் விழும் மழைதான் பகை.

உங்கள் மாமா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பாஸ்போர்ட், தாயகம் திரும்பியோருக்கான குடும்ப அட்டை போன்றவற்றை வீட்டுக்காக முழுமையாக ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். வெளியே காட்டும் படத்தில் எண், முகவரி, கையொப்பம் ஆகியவற்றை மறைத்துவிடுங்கள். அவற்றில் பெயரோ படமோ உள்ள பிறர் உயிரோடிருந்தால் அவர்களையும் கேளுங்கள். பாட்டியிடம் ஒரே முறை தலையாட்டல் வாங்கினால் போதாது: பதிவு செய்யும் முன்பும், வெட்டித் தொகுத்த படத்தை அவருக்குப் போட்டுக் காட்டிய பின்பும், யூடியூபில் ஏற்றும் முன்பும் தனித்தனியே கேளுங்கள். வீட்டார் மட்டும் பார்த்தால் போதும் என்று அவர் சொன்னால் அத்துடன் நிறுத்திவிடுங்கள்.

அவர் பொதுவில் வைக்க இசைந்தால், 2005 முதல் ஈழத்து ஆவணங்களை மின்வடிவில் சேகரித்துவரும் ‘நூலகம்’ என்ற நிறுவனத்துக்கு எழுதி, முழுப் பதிவையும் ஏற்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். எப்படியாயினும் மூலக் கோப்பின் மூன்று பிரதிகளில் ஒன்றாவது வேறொரு வீட்டில் இருக்கட்டும். உறவினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும் என்பதால், டாக்குமென்ட்டாக இணைத்து அனுப்புங்கள்.