அந்தப் பேருந்து அட்டவணை – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

2022 பிலிப்பைன்ஸ் அதிபர் தேர்தலின்போது லெனி ரொப்ரெடோவை ஆதரித்து நீங்கள் எழுதிய கட்டுரையைப் போன வாரம்தான் படித்தேன். 'கருணையுள்ள தலைமை' என்ற சொல்லை அதில் நான்கைந்து இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை.

எனக்குத் தூத்துக்குடி. 2023 டிசம்பர் மழையை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், கரண்ட் இல்லை, போன் இல்லை. மூன்றாம் நாள் ஒரு தலைவர் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்து என் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்கூடக் கலங்கியது அவருக்கு. பொய்யாகக் கலங்கினார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பத்து நிமிஷத்தில் கேமராவும் போய்விட்டது, அவரும் போய்விட்டார். அம்மாவுக்கு இன்சுலின் தீர்ந்து அன்றைக்கு இரண்டாவது நாள். என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

அதனால்தான் கேட்கிறேன். கருணை நல்ல குணம்தான், ஆட்சி நடத்த அது எதற்கு? நிவாரணம் கொடுப்பது தொண்டு நிறுவனத்தின் வேலை இல்லையா? ரொப்ரெடோ, வென்றவர் வாங்கியதில் பாதி வாக்குகூட வாங்காமல் தோற்றவர், இப்போது ஒரு சின்ன ஊருக்கு மேயர். நீங்கள் உணர்ச்சிவசப்பட்டு எழுதிவிட்டீர்களோ என்று தோன்றுகிறது. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மு., தூத்துக்குடி

*

அன்புள்ள தம்பி,

அம்மா இப்போது எப்படி இருக்கிறார்கள்? கடிதத்தைப் படித்து முடித்ததும் எனக்கு முதலில் கேட்கத் தோன்றியது அதைத்தான். தப்பாக எடுத்துக்கொள்ள இதில் ஒன்றுமே இல்லை. நீங்கள் கோபப்பட்டிருக்கும் இடத்தில்தான் நானும் நிற்கிறேன். அந்தக் கட்டுரையில் நான் சரியாகச் சொல்லாமல் விட்டது 'இன்சுலின்' என்கிற உங்கள் ஒரே சொல்லில் வந்துவிட்டது.

நான் மணிலாவில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். வீடு மணிலாவை ஒட்டிய மரிகினா நகரில், ஆற்றிலிருந்து மூன்று தெரு தள்ளி. எதிர்வீட்டில் ஒரு நர்ஸ் இருந்தார். 2020 மார்ச் 17 அன்று, மணிலா இருக்கும் லூசோன் தீவு முழுக்க ஊரடங்கு வந்தது. ஜீப்னி என்கிற சிற்றுந்து, பேருந்து, ரயில் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டார்கள். மருத்துவமனை ஊழியர்கள் வேலைக்குப் போகலாம் என்று உத்தரவில் இருந்தது. எதில் ஏறிப் போவது என்று அதில் இல்லை. அந்த அம்மாள் நடந்தார். மூன்று மணி நேரத்துக்கு மேல் நடந்து போய், பன்னிரண்டு மணி நேரம் டூட்டி பார்த்துவிட்டு, திரும்ப நடந்து வந்தார். மறுநாள் காலையில் வாசல் படியில் உட்கார்ந்து குதிகாலில் பஞ்சு வைத்து ஒட்டிக்கொண்டிருந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அந்த வாரமே அவர் போனில் ஒரு படம் வந்தது. வெறும் அட்டவணை. எந்த வழித்தடம், எந்த நிறுத்தம், காலையில் எத்தனை மணி, இரவில் எத்தனை மணி. மருத்துவமனையில் வேலை செய்கிறவர்களுக்குக் கட்டணம் இல்லை. துணை அதிபர் அலுவலகம் ஏற்பாடு செய்த பேருந்து. துணை அதிபர், லெனி ரொப்ரெடோ.

அந்த அட்டவணைதான் என்னை அவர் பக்கம் சாய்த்தது, தம்பி. அந்த வாரம் எல்லாத் தலைவர்களும் தொலைக்காட்சியில் மருத்துவ ஊழியர்களைக் கைகூப்பி வணங்கினார்கள். நர்ஸ் நாளைக் காலையில் எப்படி வேலைக்குப் போவார் என்று யோசிக்க வேறு விதமான மனசு வேண்டும். நான் கருணை என்று எழுதியது அந்த யோசனையைத்தான். தங்க இடம் இல்லாத ஊழியர்களுக்கு விடுதிகள், பிறகு பாதுகாப்பு அங்கிகள் என்று அது ஒன்றன்பின் ஒன்றாக நீண்டது. அங்கி எங்கேயும் கிடைக்காத நேரத்தில் உள்ளூர் ஆடை வடிவமைப்பாளர்களைக் கூட்டி மாதிரி செய்யச் சொல்லி, மருத்துவர்களிடம் காட்டித் திருத்தி, வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த தையல்காரர்களிடம் கொடுத்துத் தைக்க வைத்தார்கள். மருத்துவமனைக்கு அங்கியும் போயிற்று, தையல்காரர் வீட்டில் அடுப்பும் எரிந்தது.

இதையெல்லாம் எந்த நிலையில் இருந்துகொண்டு செய்தார் என்பது முக்கியம். அந்த நாட்டில் துணை அதிபருக்குத் தனியாக வாக்குப் போடுவார்கள். அதனால் அதிபரும் துணை அதிபரும் எதிரெதிர் அணியில் இருக்க முடியும். 2016இல் ரொப்ரெடோ, பழைய சர்வாதிகாரி மார்கோஸின் மகனை 2,63,473 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். நாட்டின் அளவுக்கு அது மயிரிழை. அதிபர் டுட்டெர்டேவின் போதைப்பொருள் வேட்டையில் மனிதர்கள் சுட்டுக் கொல்லப்படுவதை எதிர்த்துப் பேசினார். அந்த டிசம்பரிலேயே இனி அமைச்சரவைக் கூட்டத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். துறை கிடையாது. பட்ஜெட் மிகச் சிறியது. அதை வைத்துக்கொண்டு அவரால் செய்ய முடிந்தது, யாருக்கு என்ன தேவை என்று கேட்டு எழுதிக்கொள்வது, கொடுக்க மனமுள்ளவர்களிடம் போய்க் கேட்பது, வந்ததற்குக் கணக்குக் காட்டுவது. அந்த நாட்டுத் தணிக்கை ஆணையம் அவர் அலுவலகக் கணக்குகளுக்குத் தொடர்ந்து பல ஆண்டுகள் குறையில்லாத சான்று தந்தது. பேரிடர் நேரத்துக் கணக்கு எப்படி இருக்கும் என்று நம் ஊரில் வளர்ந்த உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

2020 நவம்பரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏனென்றால் உங்களுக்கு 2023 டிசம்பர் என்றால் எனக்கு அதுதான். முதல் தேதி ரோலி புயல் கத்தந்துவானெஸ் தீவைப் புரட்டிப் போட்டது. பதினோராம் தேதி இரவு உலிஸ்ஸெஸ் புயல் வந்தது. பன்னிரண்டாம் தேதி மரிகினா ஆறு 22 மீட்டரைத் தொட்டது. நாங்கள் மாடியில் இருந்தோம். கீழ்வீட்டு ஃபிரிட்ஜ் மிதந்து வந்து படிக்கட்டில் முட்டி முட்டி நின்ற சத்தம் இன்றைக்கும் கனவில் வரும். தண்ணீர் வடிந்த பிறகு சேறு முழங்கால் வரை. சேறு என்றால் வயல் சேறு மாதிரி இல்லை. காய்ந்தால் சிமென்ட் மாதிரி பிடித்துக்கொள்ளும்.

அடுத்த நாள் இரவு வடக்கே ககயான் பள்ளத்தாக்கு முழுகியது. கூரை மேல் இருந்தவர்கள் போனில் சார்ஜ் இருக்கும்போதே ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் போட்டு உதவி கேட்டார்கள். நாடு தூங்கிக்கொண்டிருந்தது. நான் சேற்று நாற்றத்தில் தூக்கம் வராமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நள்ளிரவு தாண்டியும் ரொப்ரெடோ எழுதிக்கொண்டே இருந்தார். இந்த ஊர் விவரம் ராணுவத்துக்குக் கொடுத்தாயிற்று, இந்த இடத்துக்கு மீட்புக் குழு கிளம்பியிருக்கிறது, இங்கே இருட்டாலும் நீரோட்டத்தாலும் படகு போக முடியவில்லை. போக முடியாததையும் அவர் மறைக்கவில்லை. கூரை மேல் இருக்கிறவனுக்கு ஆறுதல் சொல்லைவிட அந்த விவரம் பெரிசு. வராத படகுக்காகக் காத்திருக்காமல் அவன் அடுத்த கூரைக்காவது போகலாம். நான்கைந்து நாளில் டுட்டெர்டே தொலைக்காட்சியில் அவரைத் திட்டித் தீர்த்தார். அதை விடுங்கள்.

இந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் நாகா நகரத்துக்குப் போக வேண்டும். பிகோல் பகுதி, பசிபிக்கிலிருந்து வருகிற புயல்கள் நேராக ஏறுகிற இடம். வருஷத்துக்கு இருபது புயல் வரை எட்டிப் பார்க்கிற நாடு அது. ரொப்ரெடோ அங்கே வழக்கறிஞர். விவசாயிகள், மீனவர்கள், அடிபட்ட மனைவிமார்கள், இவர்களுக்காகத்தான் வழக்காடினார். கணவர் ஜெஸ்ஸி ரொப்ரெடோ 29 வயதில் அந்த ஊர் மேயரானவர், 2000இல் மகசேசே விருது பெற்றவர். புயல் ஓய்ந்த மறுநாள் அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக மண்வெட்டியோடு தெருவில் நிற்பாராம். அங்கே செருப்புக்கு 'சினெலாஸ்' என்று பெயர். 'சினெலாஸ் தலைமை' என்றே ஒரு சொல் அவரால் புழக்கத்துக்கு வந்தது. 2012 ஆகஸ்டில் விமான விபத்தில் இறந்தார். மூன்று பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டிருந்த மனைவியை மறு ஆண்டு ஊர் மக்கள் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

வேட்டியை மடித்துக் கட்டுவதும் அரைக்கால் சட்டை போடுவதும் பார்வைக்கு ஒன்றுதானே என்று நீங்கள் கேட்கலாம். புகைப்படத்தில் ஒன்றுதான். அந்த நாட்டிலும் உங்கள் தலைவரைப் போன்றவர்கள் ஏராளம். பழைய பாணி அரசியல்வாதியை அங்கே 'ட்ராப்போ' என்பார்கள், அழுக்குத் துணி என்றும் அதற்குப் பொருள் உண்டு. நிவாரண அரிசிப் பையில் தன் பெயரையும் முகத்தையும் அச்சடித்துக் கொடுப்பவருக்கு 'எபால்' என்று தனிப் பெயரே இருக்கிறது. 2015 சென்னை வெள்ளத்தில் நிவாரணப் பொட்டலங்களில் ஸ்டிக்கர் ஒட்டியதைப் பார்த்த நமக்கு அந்தச் சொல் விளங்கும். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் கேமரா போன பிறகு என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். நீங்கள் அதைப் பார்த்திருக்கிறீர்கள். நானும் பார்த்தேன். பார்த்தது வேறு வேறாக இருந்தது, அவ்வளவுதான்.

நிவாரணம் தொண்டு நிறுவனத்தின் வேலை என்று கேட்டீர்களே, அதில் பாதி உண்மை இருக்கிறது. நன்கொடை வசூலித்து அணையை நிர்வகிக்க முடியாது, ஆற்றைத் தூர்வார முடியாது. ககயான் வெள்ளத்தில் மகாத் அணையைத் திறந்துவிட்ட விதம் பற்றிப் பெரிய சர்ச்சை எழுந்தது. அது அரசாங்கத்தின் வேலை, பேருந்து விட்டுச் சரிசெய்ய முடியாதது. ரொப்ரெடோவிடம் அந்த அதிகாரம் இருந்ததில்லை. இருந்திருந்தால் எப்படிச் செய்திருப்பார் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் ஒரு வேட்பாளரை நாம் எதை வைத்து அளக்கிறோம்? கையில் இருந்த கொஞ்சத்தை என்ன செய்தார் என்பதை வைத்துத்தானே? 2021இல் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தபோது, இணையத்தில் இலவசமாக மருத்துவரிடம் பேச ஏற்பாடு செய்தார். வீட்டிலேயே இருக்க வேண்டியவர்களுக்கு ஆக்ஸிமீட்டர், வெப்பமானி, மாத்திரை எல்லாம் பெட்டியாகப் போட்டு அனுப்பினார்கள். பரிசோதனையைத் தெருவுக்கே கொண்டு போனார்கள். தொற்று உறுதியானவருக்கு உணவுப் பொருளும் கொடுத்தார்கள். ஏன் என்று யோசித்துப் பாருங்கள். தினக்கூலிக்காரனிடம் பதினான்கு நாள் வீட்டில் இரு என்று சொன்னால் அவன் பரிசோதனைக்கே வர மாட்டான். இதைத் தெரிந்து திட்டம் போடுகிறவரிடம் அணையைக் கொடுத்தால், கீழே குடியிருப்பவனை நினைக்காமல் மதகைத் திறக்க மாட்டார் என்று நான் நம்புகிறேன். நம்பிக்கைதான். வாக்கே ஒரு நம்பிக்கைதானே.

தோல்விக்கு வருகிறேன். 2022 மே 9 அன்று மார்கோஸின் மகனுக்கு 3 கோடியே 16 லட்சம் வாக்கு, ரொப்ரெடோவுக்கு ஒன்றரைக் கோடி. நீங்கள் சொன்னதுபோல் பாதிகூட இல்லை. பொய்ப் பிரச்சாரம் பல ஆண்டுகளாக நடந்தது உண்மை. அதற்காக வாக்களித்த மக்களை முட்டாள்கள் என்று திட்டிய அவருடைய ஆதரவாளர்களை என்னால் ஏற்க முடியவில்லை. என் எதிர்வீட்டு நர்ஸ் மார்கோஸுக்குத்தான் வாக்களித்தார். அவரே என்னிடம் சொன்னார். சொந்த ஊர் இலோகோஸ், மார்கோஸ் குடும்பத்தின் ஊர். அப்பா, தாத்தா காலத்திலிருந்து அந்த வீட்டில் மாறாத வாக்கு அது. "பேருந்தை மறக்கவில்லை, ஆனால் இது குடும்பம்" என்றார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. கோபம் வரவில்லை. அந்தப் பேருந்தில் ஏறும்போது நீ எந்தக் கட்சி என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. மருத்துவமனை அடையாள அட்டையைத்தான் கேட்டார்கள்.

தோற்ற சில நாளிலேயே, தேர்தல் வேலைக்கு வந்த தொண்டர் கூட்டத்தைக் கலைக்காமல் 'அங்காட் புஹாய்' என்ற அமைப்பாக மாற்றப் போவதாக அறிவித்தார். ஜூலை 1 அன்று அது தொடங்கியது. 2024 அக்டோபரில் கிறிஸ்டின் புயலில் நாகாவே மூழ்கியபோது, அவர்கள்தான் சமைத்துக் கொண்டு போய்க் கொடுத்தவர்களில் முன்னால் நின்றார்கள். 2025 மே மாதம் அந்த ஊர் அவரை மேயராக்கியது. சின்ன ஊர் என்று எழுதியிருக்கிறீர்கள். புயல் முதலில் ஏறுகிற ஊர், தம்பி. அங்கே ஒரு மேயரின் கையில் எவ்வளவு உயிர் இருக்கிறது என்பது தண்ணீரில் நின்ற உங்களுக்குத் தெரியும். அணையில்லாவிட்டாலும் வடிகாலாவது இப்போது அவர் கையில் இருக்கிறது. என் நம்பிக்கை சரியா தப்பா என்று இனிமேல் பார்த்தே சொல்லிவிடலாம்.

உணர்ச்சிவசப்பட்டுத்தான் எழுதினேன், ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கட்டுரையில் 'கருணை' என்று வருகிற இடத்திலெல்லாம் பேருந்து நேரத்தைப் போட்டிருந்தால் உங்களுக்குச் சந்தேகமே வந்திருக்காது. ஆனால் ஆதரவை மாற்றிக்கொள்ளவில்லை. அந்த நாட்டுச் சட்டம் வெளிநாட்டவரைப் பிரச்சாரத்தில் கலந்துகொள்ள விடாது. மணிலாவில் இருந்தபோது அவருடைய பிரச்சார நிறமான இளஞ்சிவப்பில் சட்டை போட்ட கூட்டங்களை நான் சாலையோரத்தில் நின்று பார்த்ததோடு சரி. அவர் மறுபடி அதிபர் தேர்தலில் நின்றால் தமிழில் மறுபடி எழுதுவேன்.

ஐப்பசி மழை தொடங்கும் முன் அம்மாவுக்கு இரண்டு மாத இன்சுலின் வாங்கி வைத்துவிடுங்கள். கரண்ட் போனால் மண்பானையில் ஈர மணல் போட்டு, மருந்தை நனையாமல் ஒரு டப்பாவில் மூடி அதற்குள் வையுங்கள், டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் இன்னும் யார் யார் ஊசி போட்டுக்கொள்கிறார்கள் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

அன்புடன்,
அண்ணன்