வீட்டை விட்டு வெளியேறிய 17 வயதுப் பெண்ணைக் காவல்துறை கைது செய்யுமா?

கட்டாயத் திருமணத்துக்கு அஞ்சி வெளியேறிய உங்கள் தோழியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இந்தியாவில் வீட்டை விட்டு வெளியேறுவது குற்றமே அன்று. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 18 வயது நிறையாத அவரைப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்றே கருதுவதால், அவரைக் கண்டறிபவர் காவலரானாலும் ரயில்வே ஊழியரானாலும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள், குழந்தைகளின் பாதுகாப்பு குறித்து ஆணையிடும் அரசு அமைப்பான குழந்தைகள் நலக் குழுவின் முன் அழைத்துச் செல்ல வேண்டும். பெற்றோர் கேட்டார்கள் என்பதற்காகவே குழு அவரை ஒப்படைத்துவிடக் கூடாது. வீட்டில் ஆபத்து உண்டா என விசாரித்து, முதிர்ச்சியுள்ள குழந்தையின் விருப்பத்தையும் கருத்தில் கொண்டே ஆணையிட வேண்டும். இச்சட்டத்தின் உயிர்நாடி இதுவே என்று நான் கருதுகிறேன். ஆகவே திருமண ஏற்பாட்டைப் பற்றி எதையும் மறைக்காமல் குழுவிடம் சொல்லச் சொல்லுங்கள். இன்றே உதவி வேண்டுமானால், 1098 என்ற குழந்தைகளுக்கான இலவச உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது.